வெள்ளையாகப் போன மூன்று இடங்கள்

செவ்வாய்க்கிழமை காலை நான் மும்பை தாராவிக் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது காதர் பாயின் மைத்துனர் வந்தார். "மச்சானுக்கு நெஞ்சுவலிம்மா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு" என்றார். சாவியும் கையுமாக அப்படியே நின்றேன். பாயின் டைப்பிங் கடையில் ஐந்து வருஷம் அவரோடு வேலை பார்த்தவள் நான், லேபர் கேம்ப் பக்கம் குடியிருக்கும் செல்வி.

பழைய நிலப் பத்திரங்களைப் படித்துத் தெளிவாக அடித்துத் தருவோம். தமிழ்க் கம்ப்யூட்டர் வந்த நாளில் பாய் முதலில் தேடியது மா, காணி, முந்திரி என்ற அந்தக் கால நில அளவுக் குறிகளை. ஒன்றுகூட இல்லை. "அதெல்லாம் இப்ப யாரு பாய் எழுதுறாங்க?" என்றார் விற்க வந்தவர். பாய்க்கு வந்ததே கோபம்! "எங்க வாப்பா நிலம் அதுலதான்வே இருக்கு!"

குறிக்கு இடம் விட்டு அடிப்போம். அச்செடுத்ததும் பாய் கறுப்புப் பேனாவால் நிரப்பி, ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். "கையெழுத்து இல்லாத தாள் கடைய விட்டுப் போவப்படாது, செல்வி" என்று நூறு தடவை சொல்லியிருப்பார்.

சில மாசத்துக்கு முன்னால் என் பக்கத்து வீட்டு முத்தம்மாள் அக்காவின் புருஷன் இறந்ததும், கொழுந்தன் சொந்த ஊரில் இருந்த நிலத்தைப் பிடுங்கப் பார்த்தான். கோர்ட்டுக்கு நகல் வேண்டும் என்று வந்தாள். அன்று வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். ஊருக்கு ரயிலேறக் கிளம்பிய ஆளிடம் கொடுத்தனுப்பும் அவசரத்தில் நானே தாளைக் கவரில் போட்டு ஒட்டினேன். பாய் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அளவு இருக்க வேண்டிய மூன்று இடமும் வெள்ளையாகப் போயின. கோர்ட்டில் திருப்பிவிட்டார்கள். மறுபடி அனுப்புவதற்குள் கெடு முடிந்து நிலம் கைவிட்டுப் போனது.

"என் பிள்ளைக வாயில மண்ணப் போட்டது யாருல?" என்று அக்கா கடைக்குள் வந்து கதறினாள். நான் வாய் திறப்பதற்குள் பாய் எழுந்துவிட்டார். "நான்தாம்மா. மறந்துட்டேன்." அவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கிழவனுக்குக் கண் மங்கிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அப்புறம் யாரும் பத்திரம் கொண்டுவரவில்லை.

"ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?" என்று அழுதேன்.

"நீ அவ பக்கத்துல குடியிருக்கணும்லா. சும்மா கெட" என்றார்.

பாயை அடக்கம் செய்ய மையத்து எடுத்த அன்று அக்கா வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாயிடமிருந்து என்னிடம் இருப்பது, எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய் ஒன்றுதான். அக்கா வீட்டுக்கு நாலு எட்டு. இன்னும் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை, பாவி எனக்கு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.