பாலோடு விழுங்கிய இரும்பு

முதல் அறிகுறி மயக்கம் அல்ல, பச்சரிசி. பீளமேட்டில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் நான் ஆசிரியை. காலையில் அரிசி களையும்போது ஒரு பிடி வாயில் போட ஆரம்பித்தேன். பிறகு பொட்டலம் கட்டி வகுப்புக்கே கொண்டு போனேன். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்பார்கள்.

"ஏம்மணி, நமக்குக் கண்ணாலமாகிப் பதினெட்டு வருசமாச்சு. இனி யாரு கண்ணாலத்துக்கு மழை?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். நானும் சிரித்தேன். பள்ளியின் மாடிப்படியில் மூச்சு வாங்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

ஃபைப்ராய்டு (கருப்பையில் வளரும் சதைக்கட்டி) என்றார் டாக்டரம்மா. மாதாமாதம் அதிகமாக ரத்தம் போனதால் ஹீமோகுளோபின் (ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் பொருள்) ஏழுக்கு இறங்கியிருந்தது. அரிசி தின்னும் ஆசையும் இரும்புக் குறைவின் அடையாளமாம். கட்டியை எடுக்க வேண்டும், அதற்குள் அளவு பத்தைத் தொட வேண்டும்.

"இல்லாட்டி ரத்தம் ஏத்தித்தான் ஆபரேசன் பண்ணோணும்" என்றார்.

எய்ட்ஸ் பயத்தில் அடுத்தவர் ரத்தம் என்றாலே எல்லோரும் நடுங்கிய வருடங்கள் அவை. எனக்கும் பயம்தான், மறைப்பானேன்? அவர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அன்றே தொடங்கினேன்.

வயிறு எரிந்தது. மலம் கறுத்தது. பெருந்துறையிலிருந்து என்னைப் பார்க்க வந்த நங்கையா (அண்ணன் மனைவி) கேட்ட உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இரும்புன்னா சூடுங்க அம்மணி. வெறுந்தண்ணியில போட்டாக் கொடலு வெந்துபோகும். பால்ல போடுங்க."

சூட்டுக்குப் பால் என்பது எங்கள் பக்கம் யாரும் கேள்வி கேட்காத விதி. ஒன்றரை மாதம் ஒரு டம்ளர் கெட்டிப்பாலோடு விழுங்கினேன். எரிச்சலும் நின்றது.

மறுபடி ரத்தம் பார்த்தபோது ஏழேகால். எனக்கு வந்த கோபத்தில் மருந்துக்கடையில் ஒரு பெரிய சத்து மாத்திரைப் புட்டியை வாங்கி டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தேன்.

"உங்க மாத்திரையில ஒண்ணுமில்லீங்க. இதுல எல்லாச் சத்தும் இருக்குதுங்க. இதையே போட்டுக்கட்டுங்களா?"

அவர் புட்டியைத் திருப்பி லேபிளைப் படித்தார். "இதுல சுண்ணாம்புச்சத்துதான் நெறைய. இரும்பு துளியூண்டு. அது இருக்கட்டும், மாத்திரைய எப்படிப் போடறீங்க?"

"பால்லதானுங்க. சூடாச்சுங்களே."

அவர் சிரிக்கவில்லை. "பாலு இரும்ப ஒடம்புல சேர உடாதுங்க. நீங்க மாத்த வேண்டியது மாத்திரைய இல்ல, டம்ளர."

அன்றிலிருந்து சாப்பிட்ட பிறகு எலுமிச்சைச் சாற்றோடு போட்டேன். காப்பியும் பாலும் இரண்டு மணி நேரம் தள்ளித்தான். ரத்தப்போக்கைக் குறைக்கவும் மருந்து கொடுத்தார். புட்டி அலமாரியில் சும்மா கிடந்தது.

என்னைப் போலச் சத்து மாத்திரை தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். எது குறைகிறது என்பதை உங்கள் ரத்தம் சொல்லட்டும், புட்டியின் லேபிள் சொல்ல வேண்டாம். தேவையில்லாத உடம்புக்கு இரும்பும் கெடுதல்தான். நங்கையாமீது எனக்கு வருத்தமில்லை. பாலில் போடலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காதது என் தப்பு.

இரண்டரை மாதத்தில் பத்தரை வந்தது. அறுவை சிகிச்சை முடிந்தது. யாருடைய ரத்தமும் தேவைப்படவில்லை.

வீடு திரும்பி, மறுபடி அடுப்படிக்குப் போன முதல் நாள், அரிசியைக் களைந்து உலையில் போட்டு மூடினேன். அப்புறம்தான் கவனித்தேன், வாயில் ஒரு மணிகூடப் போடவில்லை. அந்த ஆசை எந்த நாளில் என்னை விட்டுப் போனது என்று யோசித்துப் பார்த்தேன். வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. போன நாள் தெரியவே இல்லை.