காலண்டருக்குப் பின்னால் இருந்த விரிசல்

பெரியப்பா மகன் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயசில் மறைத்து என்ன ஆகப்போகிறது, எரிந்தது.

பெரிய வாய்க்காலுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரே வீடு. அப்பாவும் பெரியப்பாவும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரன் போனபோது அந்த நாட்டுக் குடியுரிமை கேட்டுப் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். எங்கப்பா கையெழுத்துப் போடவேண்டிய கடைசி நாளன்று கனகசெட்டிக்குளத்தில் யார் கல்யாணத்துக்கோ போய்விட்டார். அங்கே போட்ட மீன் குழம்பைச் சாகும்வரை புகழ்ந்தார். பெரியப்பா மகனான அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய் சொல்தா ஆனார்; இன்றைக்கும் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறார். நான் பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன்.

வாய்க்கால் ஓரத்து மண் இளகி, அவர் வீடு இறங்க ஆரம்பித்தது. என்னுடையதும்தான். நடுச்சுவரில் என் பக்கம் விரிசல் விட்டதும், தெரிந்த மேஸ்திரி அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். போன மழைக்கு உடைந்தது. அதன்மேல் தினசரி காலண்டரை மாட்டிவிட்டேன்.

அண்ணன் ஒரு இன்ஜினீயர் பெண்ணைக் கூட்டிவந்தார்.

"உங்க பக்கம் விரிசல் ஏதாச்சும் இருக்குங்களா ஐயா?"

"எம்பக்கம் கல்லு மாதிரி நிக்குதும்மா. அவரு பக்கம்தான் கனம் தாங்கல."

"ஆமாண்டா, உங்கண்ணி கனம்தான்" என்று அண்ணன் சிரித்தார்.

அஸ்திவாரத்தை ஒட்டிக் குழி வெட்டினார்கள். இரும்புக் குழாயைத் துண்டு துண்டாகச் சேர்த்து, கெட்டித் தரை தட்டும்வரை ஜாக்கியால் அமுக்கினார்கள். வீட்டின் கனமே குழாயை இறக்குகிறது என்றாள் அந்தப் பெண். அண்ணனுக்கு வீடுகூட உழைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தூக்குகிற அன்று காலையில் சுவரோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள்.

"இந்தா, காலண்டர் ஆடுது."

"காத்து."

"ஃபேனே போடல, காத்தாம்! அவங்க மேல இருக்கிற பொறாமைல என்னைச் சுவத்துக்கடியில பொதைச்சுடாதய்யா."

ஒரு பக்கம் தூக்கினால் பாரம் எந்தப் பக்கம் சாயும் என்று மூட்டை தூக்கியவனுக்குத் தெரியாதா? காலண்டர் ஓரத்தில் காரை உதிர்ந்தது. அவளை இழுத்து வெளியே விட்டுவிட்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று தெருவுக்கு ஓடினேன்.

அண்ணன் உள்ளே வந்து காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். உடைந்த கண்ணாடி. விரல் நுழைகிற விரிசல்.

"உம்பக்கமும் சேத்துத்தாண்டா குழாய் எறக்கச் சொல்லியிருந்தேன். நீதான கல்லு மாதிரி நிக்குதுன்ன?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. வேலையை நிறுத்தி, என் பக்கமும் குழி வெட்டி, குழாய் இறக்கி, இரண்டு வீட்டையும் ஒன்றாகத் தூக்க வைத்தார்.

பல வருஷமாகத் தூக்கிப் பிடித்துச் சாத்திய பின்கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினாலே மூடுகிறது. "எல்லாம் உங்கண்ணன் புண்ணியம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே சாத்துகிறாள் என் மனைவி. அவள் நகர்ந்ததும் போய்க் கதவைத் திறந்து, நானே ஒருமுறை பலமாகச் சாத்திவிட்டு வருகிறேன்.