அருள் வைத்த பூட்டு

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஸ்டெல்லாமேரி பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். லீவு வேண்டுமென்றால்கூட, "சும்மா வீட்ல தூங்கணும் சார்" என்று கேட்டு வாங்குகிறவள். அவளுக்கு நடந்தது இது. நடுராத்திரியிலும் இல்லை. கல்லறைத் திருநாளன்று, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், உப்பளம் ஏரியாவில் இருக்கும் அவள் ஆபீஸில்.

அவள் வேலை செய்வது ஒரு சின்னக் கம்பெனியில். டயாலிசிஸ் சென்டர் ஒன்றின் டேட்டாபேஸ் அங்கேதான் ஓடுகிறது. யாருக்கு எத்தனை மணி நேரம், எடையை வைத்து யார் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும், எல்லாம் அதில்தான். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டே பேர், அவளும் அருள்பிரகாஷும். நாற்பது நாளுக்கு முன் பிள்ளைச்சாவடியில் லாரி மோதி அருள் போய்விட்டான். அப்புறம் அவள் மட்டும்தான். தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் பாதி நாள் டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள்.

அன்று அவன் கல்லறைக்கு மெழுகுவத்தியும் சாமந்தியும் வாங்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் போன் வந்தது. ஒரு மணிக்குக் கரண்ட் போய் வந்ததில் சர்வர் விழுந்துவிட்டது. சென்டர் நர்ஸ் பூர்ணிமா அழாத குறை.

"அஞ்சு மணி ஷிப்டுக்குப் பதினோரு பேரு மேடம். மணியம்மாளுக்கு இப்பவே மூச்சு வாங்குது."

"வந்துட்டேன். பயப்படாத."

மணி 1.40. ஆபீஸில் ஈ காக்கா இல்லை. தெருவிலும் இல்லை, கடையெல்லாம் மதியத்துக்குச் சாத்தியாயிற்று. எங்கோ மெல்லிசாக ஒரு சத்தம். கடக்... கடக்... அருளின் மேஜைப் பக்கம் போலிருந்தது. பார்த்தாள், ஒன்றுமில்லை. சர்வரைக் கிளப்பினாள். டேட்டாபேஸ் பாதி வரை வந்து நின்றது. காரணம் திரையில் இருந்தது.

'அருள். வேலை நடக்குது. தொடாதே.'

அது அவர்கள் இருவருக்குமான ஏற்பாடு. ஒருத்தர் கை வைத்திருக்கும்போது இன்னொருத்தர் தெரியாமல் ஓட்டிவிடக் கூடாதென்று, பெயர் போட்டு ஒரு பூட்டு ஃபைல் வைப்பார்கள். அது இருக்கிறவரை டேட்டாபேஸ் எழாது. வைத்தவர்தான் எடுக்க வேண்டும். சாவதற்கு முன் வைத்துவிட்டு மறந்திருக்கிறான் பாவி என்று நினைத்தாள். கண் கலங்கிவிட்டது.

வைத்த நேரத்தைப் பார்த்தாள்.

இன்று, 1.12.

கரண்ட் போனதில் கடிகாரம் குழம்பியிருக்கும். ஃபைலை அழித்துவிட்டு மறுபடி கிளப்பினாள். நின்றது. பூட்டு திரும்ப வந்திருந்தது. 1.56.

அழித்தாள். 2.03க்கு வந்தது. அழித்தாள். 2.04.

எங்கிருந்து வருகிறதென்று, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் லாகைத் தோண்டினாள். அருளின் லேப்டாப். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே பதினோரு உயிர், அங்கே அவன் வீட்டில் யாரோ அதை எடுத்து நோண்டுகிறார்கள்! அவன் தங்கை மெரினுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. குடும்பமே கல்லறையில் இருக்கும். அந்த லேப்டாப் உள்ளே வர முடியாதபடி நெட்வொர்க்கில் தடை போட்டாள்.

3.10. பூட்டை அழித்தாள்.

3.11. வந்தது.

அதே லேப்டாப். எழுத்து மட்டும் மாறியிருந்தது.

'ஸ்டெல்லா. டிஸ்க்கைப் பாரு.'

கடக்...

சத்தம் மேஜையில் இல்லை.

சர்வருக்குள்...

டிஸ்க்கைச் சோதித்தாள். செத்துக்கொண்டிருந்தது. மணியம்மாளின் பெயருக்கு நேரே வேறு யாரோ ஒருவரின் எடை. அதைப் பார்த்துப் பூர்ணிமா மிஷினை வைத்திருந்தால், அந்தம்மா உடம்பிலிருந்து மூன்று லிட்டர் கூடுதலாகப் போயிருக்கும். கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள்.

வேறு டிஸ்க் போட்டு, முந்தின நாள் எடுத்த நகலை ஏற்றி முடித்தபோது 4.46. பூட்டை மட்டும் அவள் தொடவில்லை.

"எடுத்துடு அருளு," என்றாள் வாய்விட்டு.

4.48.

பூட்டு இல்லை.

டேட்டாபேஸ் எழுந்தது. போனில் பூர்ணிமா கத்தினாள்: "வந்துடுச்சு மேடம்!"

ஆறரைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். தோட்டம் முழுக்க மெழுகுவத்தி வெளிச்சம். அருளின் மண்மேட்டருகே மெரின் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"அருள் லேப்டாப்ப இன்னிக்கு யாரு எடுத்தது மெரின்?"

மெரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆபீஸ்ல கேப்பீங்கன்னு பயந்து சொல்லலக்கா. அது இல்லாம அண்ணன் ஒரு நாள் இருந்ததில்ல. அதான்... அண்ணன்கூடவே பெட்டியில வெச்சுப் பொதச்சிட்டோம்."

மெழுகுவத்தியை மண்ணில் ஊன்றப் போன கை அப்படியே நின்றது.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்ததும் ஸ்டெல்லாமேரி செய்த முதல் வேலை, அந்த லேப்டாப்புக்குப் போட்ட தடையை எடுத்ததுதான். தினமும் லாகைத் திறந்து பார்க்கிறாள். இன்றுவரை ஒன்றும் வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.