மாசி மகத்தன்று வைத்த பரீட்சை

குவைத்தில், ஃபர்வானியாவில், ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு நான் சமைத்துப் போட்ட காலம் அது. வீட்டுக்காரர் இன்ஜினியர். என்னைவிட இருபது வயது இளையவர் என்பதால் தம்பி என்றே கூப்பிடுவேன். சார் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தம்பியும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து ஊரில் இருளர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினார்கள். இருளர் என்றால் எங்கள் சனம், பாம்பு பிடிக்கிறவர்கள் என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள். பள்ளியை விட்டு அரிசி மில்லுக்கும் செங்கல் சூளைக்கும் போய்விட்ட பிள்ளைகளுக்கான வகுப்பு. ஒவ்வொரு குடியிருப்பிலும் கொஞ்சம் படித்த ஒருவரை வழிகாட்டியாகப் போட்டிருந்தார்கள். அப்படி ஏழு பேர். தம்பி ஹாலில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாக அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார். வெள்ளிக்கிழமைதான் பாடம், அங்கே அதுதான் லீவு. ஊரில் அது வேலை நாள். அந்த ஏழு பேரும் அன்றைய கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போய், ப்ரௌசிங் சென்டரில் காத்திருந்தார்கள். அதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஏழு பேரில் ஒருத்தி என் தங்கை மகள். சிபாரிசில் வந்தவள் என்று யாரும் பேசிவிடக் கூடாதென்று, என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று அவளிடம் சொல்லியிருந்தேன். தம்பியும் நான் எந்தச் சனம் என்று கேட்டதில்லை.

அடுப்படியிலிருந்து எல்லாப் பாடத்தையும் கேட்டேன். சின்ன வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால் பெற்றவர்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று ஒரு வாரம் நடத்தினார். நல்ல பாடம், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கடைசிப் பரீட்சையை மாசி மகத்தன்று வைத்தார்.

“சார், அன்னிக்கு எங்க சனம் மொத்தமும் மாமல்லபுரம் கடற்கரையில இருக்கும் சார்,” என்றாள் என் தங்கை மகள்.

“திருவிழா வருஷா வருஷம் வரும்மா. பரீட்சை ஒரு தடவைதான்.”

அவள் மேலே ஏதோ சொல்ல வந்தாள். அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அவள் சொல்ல வந்தது எனக்குத் தெரியும், போனில் சொல்லியிருந்தாள். மாசி மகத்துக்கு நாங்கள் கடலோரம் சேலையால் கூடாரம் கட்டித் தங்குவோம். மணலிலேயே ஏழு படிக்கட்டு அமைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவோம். பரிசம் போடுவதும் தாலி கட்டுவதும் அங்கேதான். அவளிடம் படித்த பதினாலு வயதுப் பிள்ளைக்கு அந்த மணலில் பரிசம் போட இருந்தார்கள். அதைத் தடுக்க அவள் அங்கே நிற்க வேண்டும்.

மாசி மகம் வந்த அந்த வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரில் இரண்டு முகம்தான் தெரிந்தது. நான் டீ கொண்டுபோனபோது தம்பி முகம் சிவந்திருந்தது.

“டிசிப்ளின் இல்லாத ஜனங்கம்மா. கலாஸ், முடிஞ்சுபோச்சு. வராத அஞ்சு பேரையும் எடுத்துடறேன்.”

“இத்தினி வாரமா நேரந்தவறாம வந்தவங்க யாரு தம்பி?”

“உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா.”

“இன்னாத்துக்குப் புரியாது? நானும் இருளச்சிதான்.”

நிமிர்ந்து பார்த்தார். “உங்களப் பாத்தா அப்படித் தெரியலையேம்மா.”

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“எப்படித் தெரியணும் தம்பி? கழுத்துல பாம்பைப் போட்டுக்கினு டீ கொண்டாரணுமா?”

கடற்கரையில் என்ன நடக்கும், அவள் ஏன் போனாள், அவள் எனக்கு யார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் நடத்திய பாடத்தைத்தான் அவள் அங்கே செய்துகொண்டிருக்கிறாள் என்றும் சொன்னேன்.

“சரிம்மா. உங்களுக்காக அந்தப் பொண்ணுக்கு மட்டும் அடுத்த வாரம் பரீட்சை வெக்கிறேன்.”

“அஞ்சு பேருக்கும் வையுங்க.”

“அது முடியாதும்மா. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு.”

“அப்போ அவளுக்கும் வாணாம்.”

இரண்டு நாள் கழித்து அவள் போன் செய்தாள். “பரிசத்தை நிறுத்திட்டேன் பெரியம்மா. பதினெட்டு முடியட்டும்னு அவங்கப்பன் ஒத்துக்கினாரு.” குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் நடந்ததைச் சொன்னேன்.

“உன்னை யாரு வாணாம்னு சொல்லச் சொன்னது? எனக்கு வேணுமே பெரியம்மா. நான் உள்ள இருந்தாத்தான மத்த நாலு பேருக்குக் கேக்க முடியும்?”

நான் யாரிடமும் போய் நிற்கிறவள் இல்லை. அன்று நின்றேன். அவளுக்காவது வையுங்கள் தம்பி என்றேன்.

“எடுக்க வேண்டியவங்க லிஸ்ட்டை மத்தவங்களுக்கு அனுப்பிட்டேன்மா. இனிமே என் கையில இல்ல.”

எழுதியது அவர் கை, அனுப்பியதும் அவர் கை. என் வாய்த்துடுக்குக்கு என்னை நானே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் அவர்மேல் உள்ள கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை.

அவள் இடத்துக்கு டவுனிலிருந்து ஒருவரைப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த அந்த ஆள், குடியிருப்புக்கு வந்தது இரண்டே தடவை. அடுத்த மாசியில் அந்தப் பிள்ளைக்கு மறுபடியும் பரிசப் பேச்சு எடுத்தார்கள். என் தங்கை மகள் ஓடிப்போய்க் கேட்டிருக்கிறாள்.

“உன்னைத்தான் வேலையை விட்டு எடுத்துட்டாங்களே. நீ யாரு கேக்க?” என்றாராம் அந்தப் பிள்ளையின் அப்பன்.

அன்று சாயங்காலமே பரிசம் போட்டுவிட்டார்கள்.