கூட ஆரு இருந்தா?

பனச்சமூடு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் ரெஜிலாவுக்கு நாற்பத்தொரு வயது. கொரோனா காலத்தில் கடை பூட்டிக் கிடந்தபோது போனில் சதுரங்கம் படித்தவள். ஆளுக்கு மூன்று நிமிடம், நேரம் தீர்ந்தால் தோல்வி என்கிற வேக ஆட்டம்தான் அவளுக்குப் பிடிக்கும். பெரும்பாலும் தோற்பாள். தோற்ற ஆட்டத்தை, ஆதார் நகல் எடுக்க அடுத்த ஆள் வரும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்பாள்.

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊர் வாசகசாலை ஆன்லைனில் போட்டி வைத்தது. மூன்றாம் சுற்றில் அவளுக்கு எதிரே வந்தவன் அஜேஷ். மாவட்ட அணிக்கு ஆடியவன். காரக்கோணத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவன். தரப்புள்ளியில் அவளைவிட எழுநூறு கூடுதல்.

பூட்டிய கடைக்குள் ரெஜிலா தனியாக உட்கார்ந்து ஆடினாள். பழகாத தொடக்கம் வந்தால் அஜேஷ் யோசித்தே நேரத்தை இழப்பான் என்பதை அவனுடைய பழைய ஆட்டங்களைப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தாள். அதனால் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளித் தொடங்கினாள். இருபதாம் நடையில் அவனிடம் பதினான்கு நொடிதான் மிச்சம். இருபத்தாறாவதில் அவளுடைய குதிரை ராஜாவுக்குச் செக் வைத்தது. அதே தாவலில் ராணிக்கும் குறி. அஜேஷ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தான்.

அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் போட்டியின் வாட்ஸ்அப் குழுவில் அஜேஷின் செய்தி வந்துவிட்டது.

"நல்ல ஆட்டமாக்கும் சேச்சி. கூட ஆரு இருந்தா?"

"ஆரும் இல்ல. நான் தனியாட்டுத்தான்" என்று எழுதினாள். எல்லோரும் பார்த்தார்கள். கொஞ்சம் கழித்து ஜிஜோ என்பவன் எழுதினான்: "இப்பம் நடை சொல்லித் தர நல்ல நல்ல ஆப் உண்டு." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்கள். வாசகசாலைச் செயலாளர் கிருஷ்ணன்குட்டி அவளுடைய வெற்றியை நிறுத்தி வைத்தார்.

மீன் வண்டி ஓட்டும் கணவர் விஜயதாஸ் பொழியூரிலிருந்து வந்து, விஷயம் தெரிந்ததும் மகளின் பெயரைச் சொல்லிக் கேட்டார்: "உள்ளதச் சொல்லு. பின்சி சொல்லித் தந்தாளா?"

"அவ டியூசனுக்குல்லா போயிருந்தா."

"செரி, செரி."

ஆனால் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கையில், டியூசன் எத்தனை மணிக்கு விட்டது என்று அவர் மகளிடம் மெல்ல விசாரிப்பது காதில் விழுந்தது. குழுவில் எழுதியதைவிட அதுதான் அவளை உலுக்கியது.

அடுத்த நாட்களில் அவளுக்கும் எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. நகல் எடுக்க வந்தவர் மேஜையிலிருந்த போனைப் பார்த்தால், குழுவில் உள்ள ஆளோ என்று தோன்றும். தெருவில் யாராவது சிரித்தால் திரும்பிப் பார்த்தாள்.

நான்காம் நாள் அந்த ஆட்டத்தின் நடைகள் முழுவதையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு காரக்கோணத்துக்குப் பஸ் ஏறினாள். அஜேஷ் வகுப்பு முடிந்து கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொரு நடையாட்டு கேளு. எதுக்கு வச்சேன்னு சொல்லுதேன்."

அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். அவள் சொன்னாள். சிலவற்றுக்கு, "தெரியல்ல, நேரம் இல்ல, வச்சேன்" என்றாள். இருபத்திரண்டாம் நடை வந்ததும் கையை எடுத்துத் தாளில் விரல் வைத்தான்.

"இது?"

"அது மண்டத்தனம். யானைய வெறுதே விட்டுட்டேன். உனக்க ராணி அடிச்சிருந்தா நான் அங்கயே தீந்தேன். நீ காணல்ல."

அஜேஷ் தாளை வாங்கி, பலகையில் காய்களை அடுக்கி, நெடுநேரம் பார்த்தான்.

"அந்தக் குதிரை நடைய மட்டுமாக்கும் நான் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். அதுவும் அதத்தான் காட்டிச்சு," என்றான். "இந்த மண்ட நடைய ஒரு கம்ப்யூட்டரும் வைக்காது, சேச்சி."

அன்று மாலை, தன்னுடைய தவறு என்று குழுவில் எழுதினான். வெற்றி அவள் கணக்கில் ஏறியது. "எனக்கு அப்பமே தெரியும்" என்றார் விஜயதாஸ். அவள் அவருக்குச் சோறு போட்டாள்.

அடுத்த போட்டியை வாசகசாலையிலேயே நேரில் நடத்தினார்கள். வாசலில் கிருஷ்ணன்குட்டி அவளைப் பார்த்ததும் கை நீட்டினார்.

"போனை இங்க தந்துட்டு போ, ரெஜிலா."

உள்ளே நாலைந்து பேர் போனை நோண்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"எல்லாருட்டயும் வாங்குதியளா அண்ணே?"

அவர் முகம் மாறியது. போய் ஒரு அட்டைப்பெட்டி எடுத்து வந்தார். உள்ளேயிருந்து எழுந்து வந்த அஜேஷ் முதலில் தன் போனைப் போட்டான். ரெஜிலா அடுத்ததாகப் போட்டுவிட்டு, தன் பலகை எது என்று தேடிப் போனாள். அன்று இரண்டு ஆட்டங்களில் ஜெயித்தாள், மூன்றில் தோற்றாள்.