ஓர் ஓட்டுக்கு ஒரு லீவு

அஜ்மானில் வாடகை குறைவு என்றுதான் அங்கே குடிபோனோம். மிச்சம் பிடித்ததையெல்லாம் நான் ரோட்டில் தொலைத்தேன். வேலை துபாயில், தேரா பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில். காலையில் இருட்டோடு கிளம்பி, ஷார்ஜா நெரிசலில் மாட்டி, ஆபீஸ் போய்ச் சேரும்போதே ஒரு நாள் வேலை பார்த்த அலுப்பு வந்துவிடும். சாயங்காலம் அதே ரோடு, எதிர்த்திசை. அந்த வருடங்களை நினைத்தால் முன்னால் நிற்கிற வண்டியின் சிவப்பு விளக்குதான் ஞாபகத்துக்கு வருகிறது. வேறொன்றும் பெரிதாக வருவதில்லை.

நான் போய்வந்தது ‘கார் லிஃப்ட்’டில். தன் வேலைக்குத் தன் காரில் போகிற ஒருவர், அதே பக்கம் போகிற இரண்டு மூன்று பேரை மாதக் கணக்கில் ஏற்றிக்கொள்வார். சட்டப்படி கூடாது. செக்கிங்கில் பிடித்தால் எல்லோரும் சொந்தக்காரர்கள் என்று சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. ஜீலம் பக்கத்துப் பஞ்சாபி ஓட்டுகிறார், முன்சீட்டில் அருப்புக்கோட்டைக்காரி நான், பின்னால் ஒரு கீழக்கரைக் கடைக்காரர், அவர் பக்கத்தில் ஏறியதும் தூங்கிவிடுகிற ஒரு மலையாளி இன்ஜினியர். இந்தக் குடும்பத்தை எந்தப் போலீஸ் நம்புவார்? நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை.

காரை ஓட்டியவர் பாகிஸ்தான்காரர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். நான் அவரை ‘பாய் சாப்’ என்பேன். அவர் என்னை ‘பாஜி’ என்பார், அதாவது அக்கா. அத்தனை வயது மூத்தவர் என்னை அக்கா என்றது முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அது அவர்கள் ஊர் மரியாதை என்று பிறகு புரிந்தது. அவர் பேசியது உருது. எனக்குத் தெரிந்தது ஆணும் பெண்ணும் இடம் மாறிக் கிடக்கிற ஓர் இந்தி. அவர் சொன்னதெல்லாம் எனக்குள் தமிழாகித்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

கார் ரேடியோவில் மணிக்கொரு தரம் உருதுச் செய்தி. எல்லாச் செய்தியிலும் அவர்களுடைய ஜெனரல் வருவார். ஆட்சியைப் பிடித்து, தானே ஜனாதிபதியாகி, ராணுவ உடையைக் கழற்றாமலே நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர். அவர் உடையைக் கழற்றுவாரா மாட்டாரா என்று ஒரு நாடே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கென்றால் அந்தப் பேச்சைக் கேட்டாலே கொட்டாவி வரும். எங்கள் ஊரில் இவர் போனால் அவர், அவர் போனால் இவர். சலித்துப்போனாலும் அஞ்சு வருடத்துக்கு ஒரு தரமாவது முகம் மாறும்.

“இவரு வந்தப்ப நானும்தான் லட்டு தின்னேன், பாஜி,” என்றார் ஒருநாள். “அதுக்கு முன்னாடி இருந்தவங்க லட்சணம் அப்படி. சின்னப் புள்ளையா இருந்தப்ப ஒரு ஜெனரல். மீசை வச்சப்ப ஒரு ஜெனரல். தலை நரைக்கிறப்ப இவரு.”

“நடுவுல எலெக்‌ஷனே வரலையா?”

“வந்துச்சு. எலெக்‌ஷன் வரும்போதெல்லாம் நான் இங்க இருந்தேன். நான் லீவுல போகும்போதெல்லாம் ஒண்ணு, அங்க ஜெனரல் இருந்தாரு, இல்லேன்னா எலெக்‌ஷன் முடிஞ்சிருந்துச்சு.”

அந்த மனிதர் வாழ்நாளில் ஓட்டே போட்டதில்லை. இதை அவர் குறையாகக்கூடச் சொல்லவில்லை. இந்த வருடம் மாம்பழம் சாப்பிடக் கிடைக்கவில்லை என்பது மாதிரி சொல்லிவிட்டு லேன் மாறினார்.

இரண்டாயிரத்து ஏழு நவம்பரில் அங்கே அவசரநிலை என்றார்கள். நீதிபதிகளை வீட்டில் அடைத்துவிட்டார்களாம், டிவிக்களை மூடிவிட்டார்களாம். பாய் சாப் அந்த மாதம் முழுக்க ரேடியோவைத் திருகிக்கொண்டே ஓட்டினார். மாதம் முடிவதற்குள் ஜெனரல் ஒருவழியாக உடையைக் கழற்றினார், ஆனால் ஜனாதிபதி நாற்காலியை விடவில்லை. ஜனவரி தொடக்கத்தில் பொதுத்தேர்தல் என்று அறிவித்தார்கள். மறுநாள் காலை நான் ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டுவதற்குள் சொல்லிவிட்டார்.

“நான் ஊருக்குப் போறேன், பாஜி. இந்தத் தடவை ஓட்டுப் போடணும்.”

எனக்கு விளையாட்டாகப் பட்டது. பிறகுதான் விவரம் சொன்னார். அவர் கம்பெனியில் இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு. அந்த லீவை அவர் ஏப்ரலுக்கு என்று வைத்திருந்தார், மூத்த மகளுக்கு அப்போது நிக்காஹ். மாப்பிள்ளை குவைத்தில், ஃபஹாஹீலில் வேலை. அவருக்கு ஏப்ரலில்தான் லீவு, அதை நகர்த்த முடியாது. ஆக, ஜனவரியில் இவர் போனால் ஏப்ரலில் கல்யாணத்துக்குப் போக லீவு இல்லை.

“மேனேஜர்கிட்ட பேசிட்டேன். ஏப்ரல்ல ஒரு வாரம் எமர்ஜென்ஸி லீவு தர்றேன்னு சொல்லியிருக்காரு.”

“எழுதிக் கொடுத்தாரா?”

“வாயால சொன்னாரு. நல்ல மனுஷன்.”

பின்சீட்டிலிருந்து கீழக்கரை அண்ணன் தமிழில் ஆரம்பித்தார். “இந்த மனுசனுக்கு என்னத்துக்கு இந்த வம்பு, தங்கச்சி? மவ நிக்காஹைவிட ஓட்டு பெருசா? எடுத்துச் சொல்லுங்க.” நானும் எடுத்துச் சொன்னேன், என் உடைந்த இந்தியில். ஒரு ஓட்டால் எந்த ஜெனரலும் விழப்போவதில்லை, போகிறவன் போவான், இருக்கிறவன் இருப்பான், பெண்ணின் கல்யாணத்தைப் பாருங்கள் என்றேன். அவர் சிரித்தார். எல்லாம் தெரிந்தவரின் சிரிப்பு. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

டிசம்பர் கடைசியில் போனார். அவர் ஓட்டுப் போடப் போனதில் முதல் நஷ்டம் எனக்குத்தான். ஷார்ஜா வரை டாக்சி, அங்கிருந்து பஸ், பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு போனேன்.

அவர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, அங்கே பிரசாரக் கூட்டம் முடிந்த இடத்தில் ஒரு பெரிய தலைவரைக் கொன்றுவிட்டார்கள். டிவியில் ஊர் ஊராக எரிந்தது. ரயில் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. நான் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு டிவி முன்னால் நின்றேன். பிறகு கீழே எழுத்து ஓடியது: தேர்தல் பிப்ரவரிக்குத் தள்ளிவைப்பு. என் வீட்டுக்காரர், “பாவம், உன் கார்க்காரர்,” என்றார். அவர் லீவு ஜனவரியோடு முடிகிறது. பிப்ரவரி வரை இருந்தால் வேலை போய்விடும், விசாவும் போய்விடும். எனக்கு வயிறு எரிந்தது. அவருக்காக எரிந்ததா, பஸ்ஸுக்காக எரிந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரி கடைசியில் ஒரு காலை, பழைய இடத்தில் பழைய கார் நின்றது. கழுவித் துடைத்திருந்தார்.

“எப்படி இருந்துச்சு ஊரு?” என்றேன். கேட்ட பிறகுதான் வேறு ஏதாவது கேட்டிருக்கலாமே என்று தோன்றியது.

“கரண்டு இல்லை, பாஜி. மாவு கிடைக்கலை. மாவு வாங்க நாள் முழுக்க வரிசையில நின்னேன். இந்தத் தடவை எனக்குன்னு கிடைச்ச வரிசை அதுதான்.”

அன்று மலையாளி இன்ஜினியர்கூடத் தூங்கவில்லை.

அந்த ஒரு வார எமர்ஜென்ஸி லீவை இப்போதே எடுத்துக்கொண்டு பிப்ரவரியில் போய் ஓட்டுப் போடலாம் என்று ஒரு யோசனை அவருக்கு வராமல் இல்லை. மேனேஜரிடம் கேட்டும் பார்த்தார். ஒரு வாரம்தான், ஒரு தடவைதான், எப்போது வேண்டும் என்று நீயே சொல் என்றாராம் அவர். பாய் சாப் யோசிக்கவே இல்லை. ஏப்ரல் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கீழக்கரை அண்ணனுக்கு நிம்மதி. எனக்கும்தான்.

தேர்தல் நாளன்று எங்களுக்கு டியூட்டி நாள். வழக்கமான நெரிசல். ரேடியோவில் எந்த ஊரில் எத்தனை மணிக்கு ஓட்டுப்பதிவு தொடங்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் ஊர்ப் பெயரும் வந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

“பாஜி, நீங்க ஓட்டுப் போட்டிருக்கீங்களா?”

“ஒரு தடவை. கல்யாணத்துக்கு முன்னாடி.”

“உள்ள போனா என்ன நடக்கும்?”

நான் போட்டது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். வெயிலில் நின்ற எரிச்சலும், கூட வந்த சித்தி யாருக்குப் போடவேண்டும் என்று காதில் ஓதிக்கொண்டே வந்ததும்தான் எனக்கு நினைவு. அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. ஞாபகப்படுத்திப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒருவர் பெயரைச் சத்தமாக வாசிப்பார். கட்சிக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் லிஸ்டில் டிக் அடிப்பார்கள். விரலில் மை வைப்பார்கள். நீளமாக ஒரு சீட்டும் ரப்பர் ஸ்டாம்பும் கொடுப்பார்கள். ஓரத்தில் அட்டைத் தடுப்பு இருக்கும், அதற்குப் பின்னால் போய்க் குத்தி, மடித்து, பெட்டியில் போடவேண்டும்.

“அட்டைக்குப் பின்னாடி நீங்க மட்டுமா?”

“நான் மட்டும்தான்.”

“போலீஸ்?”

“வாசல்ல நிப்பாங்க. உள்ள வர மாட்டாங்க.”

“மிலிட்டரி?”

“எங்க ஊர்ல மிலிட்டரியெல்லாம் கிடையாது, பாய் சாப்.”

அவர் தலையாட்டினார். “அந்த நேரம் யாரும் உங்களை எதுவும் சொல்ல முடியாது.”

“முடியாது.”

“யாரும்?”

“யாரும் முடியாது.”

ஒரு நிமிஷத்துக்கும் குறைவான வேலை அது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அதற்குச் சோம்பல்பட்டு மத்தியானம் தூங்குவார்கள். இவர் கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அடுத்த பிரிட்ஜில் ஏறும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் அவர் கம்பெனியில் மேனேஜர் மாறினார். பழையவரை வேறு எங்கோ அனுப்பிவிட்டார்கள், ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. புதியவரிடம் பாய் சாப் போய் ஏப்ரல் லீவைப் பற்றிச் சொன்னார். அப்படி எதுவும் பேப்பரில் இல்லையே என்றார் அவர். போன மேனேஜர் சொன்னது போன மேனேஜரோடு. சைட்டில் வேலை நெருக்கடி, ஜனவரியில்தானே போய் வந்தாய், லீவ் மாஃபி, கலாஸ், அதாவது லீவு கிடையாது, அவ்வளவுதான். நாலைந்து தடவை கேட்டுப் பார்த்தார். கடைசித் தடவை, போவதானால் ஒரேயடியாகப் போய்விடு என்றாராம்.

கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. சனிக்கிழமை காலை எப்போதும் போல வந்து நின்றார். ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. நான் ஏறியதும், “ஆயிடுச்சு, பாஜி,” என்றார். “என் தம்பி என் இடத்துல உட்கார்ந்து முடிச்சு வச்சான். போன்ல கேட்டேன். சத்தம்தான் ஜாஸ்தி, ஒண்ணும் விளங்கலை.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மேனேஜர் மேல் வரவேண்டியது, எதிரில் இருந்தவர் மேல் பாய்ந்தது.

“உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அந்த ஒரு ஓட்டால என்ன ஆகியிருக்கும்?”

“ஒண்ணும் ஆகியிருக்காது. அது எனக்கும் தெரியும்.”

“பொண்ணு கோவிச்சுக்கிட்டாளா?”

“இல்லை. நீங்க வருத்தப்படாதீங்க அப்பான்னு சொன்னா. கோவிச்சுக்கிட்டிருந்தா தேவலை.”

கீழக்கரை அண்ணன் பின்னாலிருந்து அவர் தோளில் கை வைத்தார். வழி முழுக்க அந்தக் கையை எடுக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் திரும்பி வந்துகொண்டிருந்தோம். புழுக்கம், ஏசி போட்டும் கண்ணாடியில் ஆவி படிந்தது. ரேடியோவில் ஜெனரல் பேசினார், நேரடியாக. தான் செய்த நன்மைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் ஷார்ஜாவுக்குள் நகர்ந்த நேரம் முழுக்க அந்தப் பேச்சு முடியவில்லை. கடைசியில், பதவி விலகுகிறேன் என்றார். பக்கத்து லேனில் ஒரு டாக்சிக்காரர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி ஆட்டிக் கத்தினார். இன்னொரு வண்டி ஹாரனை விடாமல் அடித்தது.

“முபாரக், பாய்! முபாரக்! உங்க ஜெனரல் போயிட்டாரு!” என்றார் கீழக்கரை அண்ணன். நானும் வாழ்த்துச் சொன்னேன். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் சொன்னேன், அவருக்கு ஏதோ ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டது என்று.

பாய் சாப் ரேடியோவை நிறுத்தினார்.

“எனக்கு எதுக்கு முபாரக்? வந்தப்பவும் என்னைக் கேட்டு வரலை. இப்பப் போனதும் என்னைக் கேட்டு இல்லை. அடுத்து வர்றவரையும் யாரும் என்னைக் கேட்கப் போறதில்லை.” முன்னால் வண்டிகள் நகர, கியர் மாற்றினார். “என் பொண்ணு கல்யாணம் ஒண்ணுதான் என்னைக் கேட்டு வச்சது, பாஜி. அதுக்கும் நான் போகலை.”