பம்பரைப் பார்த்தோம், கழுத்தைப் பார்க்கவில்லை

கொச்சியில், வைட்டிலா சிக்னலில் பின்னால் வந்த வேன் எங்கள் காரை இடித்தபோது, நானும் என் கணவரும் இறங்கி முதலில் பார்த்தது பம்பரை. அவர் தலை ஸ்டீயரிங்கில் மோதியிருந்தது. நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான்.

"சேட்டா, ஆசுபத்திரியில் போகண்டே?" ஆசுபத்திரிக்குப் போகவேண்டாமா என்று ஓர் ஆட்டோக்காரர் மலையாளத்தில் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சேட்டா" என்று இவர் சிரித்தார். என் போனில் காரின் படங்கள் பதினொன்று இருக்கின்றன. இவரை எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

தென்காசியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து இருபது வருடமாகிறது. அடிபட்டால் உழிச்சில் (தைலம் விட்டு அழுத்தித் தேய்ப்பது) என்பது இங்கே வந்து நான் கற்றுக்கொண்டது. நன்றாகத் தேய்ப்பேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மறுநாள் கழுத்து பிடித்துக்கொண்டது என்றார். இவருக்கு ஜூ டவுன் கடைத்தெருவில், ஒரு சுக்குக் கிடங்கில் குனிந்தே செய்கிற வேலை, கழுத்துவலி புதிதல்ல. தைலத்தைச் சூடாக்கி மூன்று நாள் தேய்த்தேன்.

மூன்றாம் நாள் தலையைப் பிடித்து இடப்பக்கம் ஒரு திருப்புத் திருப்பினேன். நெட்டி முறிகிற சத்தம் கேட்டது. "இப்பத்தான் சொகமா இருக்கு செல்வி" என்றார்.

அடுத்த நாள் காலையில் சாயா கிளாஸ் அவர் வலது கையிலிருந்து விழுந்து உடைந்தது. விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

ஆசுபத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தெலும்பில் முறிவு. எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை) அழுத்துகிறது என்றார்கள். டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். ஸ்கேன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஆரா உழிஞ்ஞது?"

யார் தேய்த்தது என்கிறார். "நான்தான் டாக்டர்" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"கை சரியாயிடுமா?"

"ஆபரேஷன் கழியட்டே, சேச்சி. நோக்காம்."

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாகிறது, இன்னும் தானாகப் புரள முடியாமல் படுக்கையில்தான் இருக்கிறார். இன்றும் அதே பதில்தான்: பார்க்கலாம்.

இதைப் படிக்கிறவர் வீட்டிலும் யாராவது விபத்திலிருந்து நடந்தே வந்திருக்கலாம். நடக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். கழுத்தைத் தொடாதீர்கள், திருப்பாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்ல ஆசைதான். அந்த ஆட்டோக்காரர் சொன்னார்.

இப்போது எங்கள் வீட்டில் கடிகாரம் பார்ப்பது வேறு எதற்கும் இல்லை. அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரம், மாத்திரை நேரம், மறுபடி புரட்டுகிற நேரம், அவ்வளவுதான் நாள். தைல பாட்டிலை நான் எறிந்துவிட்டேன். கையை எத்தனை முறை கழுவினாலும் அந்த வாசனை போகவில்லை என்றே தோன்றுகிறது.

கழுத்தில் பட்டை இருப்பதால் அவரால் குனிந்து பார்க்க முடியாது. பிற்பகலில் அவர் வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்கிறேன். அழுத்துவதில்லை, என் விரல்களை நினைத்தால் எனக்கே பயம். கொஞ்ச நேரம் கழித்து, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி அவர் கேட்பார்.

"எங்க செல்வி, கையைப் பிடிச்சுக்கிடுதேன்னியே?"

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."